நின்றால் அணையும் வண்டி: எஃப்.ஐ. பைக்கில் ஐட்லிங் கோளாறை அறிவது எப்படி?

குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு அன்றாடம் வேலைக்கு வந்து போகும் என் அக்காவின் கணவர், கத்திரி வெயில் கொளுத்திய ஒரு மதியம், வண்டியைத் தள்ளிக்கொண்டே எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். "ஓடும்போது ஒண்ணுமே தெரியலடா. கிரீன் சர்க்கிள் நெரிசல்ல நின்னா போதும், ஆஃப் ஆயிடுது" என்றார். அதற்கு முன்பே ஒரு பட்டறையில் பிளக்கை மாற்றிவிட்டார்கள், பேட்டரியையும் மாற்றிவிட்டார்கள், அடுத்ததாக டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பையே மாற்ற வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அந்தப் பம்பின் விலையைக் கேட்ட பிறகுதான் அவர் என்னிடம் வந்தார். வண்டியில் எந்தப் பாகமும் கெட்டிருக்கவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன். பாகத்தை மாற்றிப் பார்த்துக் கோளாறைத் தேடும் இந்த வழக்கம் கார்பரேட்டர் காலத்தில் ஓரளவு தாங்கியது; கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் அது பணத்தைக் கரைக்கும் வழி. ஆகவே, ஐட்லிங் என்பது உள்ளே எப்படி நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வது நல்லது.

ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்ட நிலையில், எஞ்சின் தன் சொந்த உராய்வை வென்று, பேட்டரிக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரத்தையும் சுழற்றிக்கொண்டு, அணையாமல் ஓடும் மிகக் குறைந்த வேகமே ஐட்லிங். பெரும்பாலான சிறிய பைக்குகளில் இது நிமிடத்துக்கு 1,300 முதல் 1,500 சுற்றுகள் வரை இருக்கும். பெரிய ஒற்றைச் சிலிண்டர் வண்டிகளில் இன்னும் குறைவாக இருக்கும். 1,400 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் பெட்ரோல் எரிவதால், நொடிக்கு ஏறத்தாழ 12 முறை உள்ளே எரிதல் நிகழ்கிறது. 150 சி.சி. எஞ்சின் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்று, தோராயக் கணக்கில், 60 மில்லிகிராம். அதற்குச் சேர வேண்டிய பெட்ரோல் 4 மில்லிகிராம். ஒரு சொட்டுப் பெட்ரோலில் சிறு பங்குதான் அது. வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது இதைப்போலப் பல மடங்கு காற்று உள்ளே போகிறது. அந்தப் பெருக்கில் ஒரு சிறு ஓட்டை வழியாகக் கள்ளத்தனமாக நுழையும் காற்று கணக்கிலேயே வராது. ஐட்லிங்கிலோ அதே ஓட்டை மொத்தக் காற்றில் பெரும்பங்காகிவிடுகிறது. "ஓடும்போது ஒண்ணுமே தெரியல" என்று மாமா சொன்னதன் பொருள் இதுதான்.

கார்பரேட்டர் வண்டியில் ஸ்லோ, அதாவது ஐட்லிங், நிற்கவில்லை என்றால் ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் போதும், அல்லது போதும்போலத் தோன்றும். 2020 ஏப்ரல் 1 முதல், புகை மாசைக் கட்டுப்படுத்தும் பி.எஸ். 6 விதிகள் நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையாகும் இருசக்கர வண்டிகள் ஏறக்குறைய எல்லாம் எஃப்.ஐ. வகைக்கு மாறிவிட்டன. இதில் கார்பரேட்டர் இருந்த இடத்தில் த்ராட்டில் பாடி இருக்கிறது. அதன் குழலுக்குள் வட்டமான ஒரு தகடு உண்டு. ஆக்சிலேட்டரைத் திருகும்போது அது திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. தகடு மூடியிருக்கும்போது எஞ்சினுக்கு வேண்டிய சிறிதளவு காற்று, பெரும்பாலான வண்டிகளில், பக்கவாட்டில் உள்ள ஒரு சிறிய வழியாகப் போகிறது. அந்த வழியை அதிகமாகத் திறப்பதும் குறைப்பதும் ஐ.ஏ.சி. வால்வு என்னும் சிறு மோட்டாரின் வேலை; மோட்டாருக்குக் கட்டளையிடுவது ஈ.சி.யு. என்னும் கணினி. எத்தனை நேரம் பெட்ரோலைப் பீய்ச்சுவது என்பதையும் எப்போது பிளக்கில் தீப்பொறி விடுவது என்பதையும் அதே கணினிதான் தீர்மானிக்கிறது. தகடு எவ்வளவு திறந்திருக்கிறது, குழலுக்குள் காற்றழுத்தம் எவ்வளவு, உள்ளே வரும் காற்றின் சூடு என்ன, எஞ்சினின் சூடு என்ன, புகைக்குழலில் எரியாத ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்பனவற்றைத் தனித்தனிச் சென்சார்கள் அதற்குத் தெரிவித்துக்கொண்டே இருக்கின்றன.

ஏலகிரி மலைக்கு ஏறிப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பயன் விளங்கும். 14 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் நிற்கும்போது, வேலூரில் இருந்த காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். கீழே நன்றாக ஓடிய பழைய கார்பரேட்டர் வண்டி மேலே போனதும் பெட்ரோல் மிகுந்து திணறும். எஃப்.ஐ. வண்டியில் அழுத்தச் சென்சார் அந்தக் குறைவைச் சொல்லிவிடுவதால் கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. ஓட்டுபவருக்கு மாற்றமே தெரிவதில்லை.

ஆனால், மாற்றத்தைத் தெரியாமல் சமாளிக்கும் இந்தத் திறனே கோளாறையும் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது. காற்று வழியில் கரி படியப் படிய, ஐ.ஏ.சி. வால்வைக் கணினி சிறிது சிறிதாக அதிகம் திறந்து ஈடுகட்டுகிறது. எங்கோ ஒரு ரப்பர் வெடித்து வேண்டாத காற்று நுழைந்தால், வால்வைச் சிறிது சிறிதாக மூடி ஈடுகட்டுகிறது. மாதக்கணக்கில் நமக்கு எதுவும் தெரியாது. வால்வு முழுவதும் திறந்து இனித் திறக்க இடமில்லை என்னும் நாளில் வண்டி நின்றதும் அணையத் தொடங்கும். முழுவதும் மூடி இனி மூட இடமில்லை என்னும் நாளில் கையை விட்ட பிறகும் வண்டி 2,000 சுற்றில் இரைந்துகொண்டிருக்கும். ஐட்லிங் தாழ்ந்தால் காற்று அடைபட்டிருக்கிறதா என்றும், உயர்ந்தால் வேண்டாத காற்று நுழைகிறதா என்றும் முதலில் சந்தேகிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தானாக விளங்கும். சர்வீஸ் சென்டரின் ஸ்கேனரை மாட்டினால், பல வண்டிகளில் இந்த வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது என்பதை எண்ணாகவே பார்க்கலாம். எனக்கு ஒரே ஓர் எண்ணைக் கேட்கும் வாய்ப்புத்தான் என்றால் அதைத்தான் கேட்பேன்.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கவனிக்க வேண்டியது, கோளாறு எப்போது வருகிறது என்பது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ஐட்லிங் நிலைக்காமல் அணைந்து, இரண்டு மூன்று நிமிடம் ஓடிச் சூடான பிறகு சரியாகிவிட்டால், எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சாரையோ ஐ.ஏ.சி. வால்வையோ நினைக்க வேண்டும். குளிர்ந்த எஞ்சினுக்கு அதிகப் பெட்ரோலும் அதிகக் காற்றும் வேண்டும் என்பதை அறிவித்து நிறைவேற்றுபவை அவையே. மாறாக, காலையில் ஐட்லிங் நன்றாக நிலைத்து, பள்ளிகொண்டாவிலிருந்து வேலூர் வரை நெடுஞ்சாலையில் சூடேறி வந்த பிறகு மட்டும் அணைந்தால், இறுகிய வால்வு கிளியரன்ஸ் (சிலிண்டரைத் திறந்து மூடும் வால்வுகளுக்கு விடப்படும் இடைவெளி), சூட்டில் தளரும் இக்னிஷன் காயில், களைத்துப்போன பெட்ரோல் பம்பு ஆகியவை கணக்கில் வரும். இந்தக் குறிப்பை ஒரு வாரம் எழுதி வைத்து மெக்கானிக்கிடம் காட்டினால், அவருடைய பாதி வேலை முடிந்துவிடும்.

அடுத்து, மீட்டரில் எரியும் எஃப்.ஐ. விளக்கைப் பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் அது எரிவதும், பிறகு அணைவதும் இயல்பு. எஞ்சின் ஓடும்போதும் எரிந்துகொண்டிருந்தால் ஏதோ ஒரு சென்சாரின் மின்சுற்றில் கணினி பிழை கண்டிருக்கிறது. சில நிறுவனங்களின் வண்டிகளில் அந்த விளக்கே நீண்டும் குறுகியும் மினுக்கிப் பிழை எண்ணைச் சொல்லும். எண்ணின் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் அந்த வண்டிக்குரிய கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். 2023 ஏப்ரலிலிருந்து வரும் வண்டிகளில் இந்தக் கண்காணிப்பு இன்னும் விரிவாக்கப்பட்டிருக்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: விளக்கு எரியவில்லை என்பதால் கோளாறு இல்லை என்று ஆகாது. கரி படிவது மின்கோளாறு அல்ல. வெடித்த ரப்பரைச் சொல்லச் சென்சார் கிடையாது.

பேட்டரியை முதலில் சோதிப்பதற்குக் காரணம் அது எளிது என்பது மட்டுமன்று. இன்ஜெக்டர் என்பது மின்காந்தத்தால் திறக்கும் ஒரு குறுவால்வு. ஐட்லிங்கில் அது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 2 மில்லிநொடிக்கு மட்டுமே மின்சாரம் பெறுகிறது. அதிலும் ஒரு பகுதி, ஊசி நகர்ந்து திறப்பதற்கே செலவாகிவிடுகிறது. வோல்ட் குறைந்தால் அந்த ஊசி தாமதமாகத் திறக்கும். கணினி ஓரளவுக்கு ஈடுகட்டினாலும், மெலிந்த பேட்டரியும் கரிப்பிடித்த டெர்மினலும் சேர்ந்தால் ஐட்லிங் தள்ளாடும். வண்டி சில மணி நேரம் ஓய்ந்திருந்த பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் அளவில் காட்டினால் பேட்டரி நன்றாகச் சார்ஜாகியிருக்கிறது, 12.2க்குக் கீழே போனால் சார்ஜ் போதவில்லை. எஞ்சினைச் சற்று ரேஸ் செய்யும்போது 13.5 முதல் 14.5 வரை ஏறாவிட்டால், பேட்டரியைக் குறை சொல்வதைவிட அதற்கு மின்சாரம் வரும் வழியைப் பார்ப்பதே முறை.

ஐட்லிங் உயர்ந்திருந்தால், செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது ஹேண்டில்பாரை முழுவதும் இடப்புறமும் பிறகு வலப்புறமும் திருப்ப வேண்டும். அப்போது வேகம் மாறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இறுகியிருக்கிறது. கைப்பிடியில் சில மில்லிமீட்டர் தளர்வு இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் தகடு முழுவதும் மூடாது, தகட்டுச் சென்சாரும் "மூடிவிட்டது" என்று சொல்லாது, கணினியும் ஐட்லிங் கட்டுப்பாட்டைத் தொடங்காது.

கேபிள் சரியாக இருந்தால் அடுத்தது, த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் இணைப்பு. இங்கே ஒரு பக்கம் எஞ்சினின் சூடு, இன்னொரு பக்கம் எங்கள் ஊர் வெயில். சில ஆண்டுகளில் ரப்பர் கெட்டியாகி வெடிக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. எஞ்சினை அணைத்து ஆற வைத்து, கட்டைவிரலால் ரப்பரை அழுத்தி வளைத்துப் பார்த்தால், தலைமுடி கனத்தில் மூடியிருக்கும் கோடு வாய் திறப்பது தெரியும். அப்படியும் ஐயமிருந்தால், இஸ்திரி போடுபவர்கள் துணியில் தண்ணீர் தெளிக்கும் குப்பியை எடுத்து, எஞ்சின் ஐட்லிங்கில் இருக்கும்போது, பிளக் கேப்பிலும் மின் இணைப்புகளிலும் படாமல் ரப்பரின் ஓரத்தில் மெல்லிய துளிகளாகத் தெளித்துப் பார்க்கலாம். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைத்து ஓட்டத்தின் ஒலி மாறும். சிலர் இதற்குப் பெட்ரோலையோ கிளீனர் ஸ்பிரேயையோ பயன்படுத்துகிறார்கள். சூடான சைலன்சருக்கு ஒரு சாண் தூரத்தில் அதைச் செய்வது தீக்கு அழைப்பு விடுப்பது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

வேகம் ஊஞ்சல்போல ஏறி இறங்கிக்கொண்டே இருப்பதும் பெரும்பாலும் இந்த ஓட்டையின் விளைவுதான். தகடு மூடியிருக்க, வேகம் மட்டும் அதிகமாக இருந்தால், வண்டி இறக்கத்தில் இறங்குகிறது என்று கணினி எண்ணிப் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது, வேகம் சரிகிறது, உடனே மறுபடியும் பெட்ரோல் விடுகிறது, வேகம் ஏறுகிறது. இதற்குள்ளே போய் வந்துகொண்டிருக்கும் எஞ்சினுக்கு இன்ஜெக்டரை மாற்றுவதால் பயன் ஏதுமில்லை.

இனி மாமாவின் வண்டிக்கு வருகிறேன். சூடான பிறகு தாழ்ந்து அணைந்தது; விளக்கு எரியவில்லை; புதுப் பேட்டரி 12.7 வோல்ட் காட்டியது. சாவியைப் போட்டதும் டேங்குக்குள்ளிருந்து பம்பு இரண்டு மூன்று நொடி சீராக ரீங்கரித்து நின்றது. அது மட்டுமே பம்பின் அழுத்தத்தை உறுதி செய்துவிடாது. பல பைக்குகளில் இருக்க வேண்டிய 3 பார் அழுத்தத்தை அளவி வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். ஆனாலும், நெடுஞ்சாலையில் முழு வேகத்தில் திணறாத வண்டியில் பம்பைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். பம்பு களைத்தால் பெட்ரோல் அதிகம் வேண்டிய இடத்தில்தான் முதலில் தெரியும்.

ஆகவே ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ரப்பர் குழலைக் கழற்றி, டார்ச் அடித்து த்ராட்டில் பாடிக்குள் பார்த்தோம். கார்த்திகைக்கு வைக்கும் அகல் விளக்கின் மூக்கில் எண்ணெய்ப் பிசுக்கோடு கரி படிந்திருக்குமே, அதைப்போல, தகட்டின் விளிம்பு குழலைத் தொடும் இடம் முழுவதும் ஒரு கருவளையம். பக்கவாட்டுக் காற்றுவழியின் வாயில் ஊசி நுழையும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. எஞ்சினின் அடிப்பகுதியிலிருந்து வரும் எண்ணெய் ஆவி, வெளியே போய் மாசு செய்யாமலிருக்க, ஏர் ஃபில்டர் பெட்டிக்கே திருப்பி விடப்படுகிறது. அந்த ஆவியோடு, பாலாற்றங்கரைச் சாலைகளின் நுண்மணலில் ஃபில்டர் தடுக்காமல் விட்டதும் சேர்ந்து, சூட்டில் பிசினாக இறுகுகிறது. எஞ்சினில் எண்ணெயை மேல்மட்டக் கோட்டுக்கு மேலும் ஊற்றும் பழக்கம் இதை விரைவுபடுத்தும். மாமாவின் வண்டியில் எண்ணெய் கோட்டுக்கு மேலேதான் நின்றது.

சுத்தம் செய்வதில் பொறுமை வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், சாவி எடுக்கப்பட்டிருக்க வேண்டும், பேட்டரியின் மைனஸ் வயர் கழற்றப்பட்டிருக்க வேண்டும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரை நேரே உள்ளே பீய்ச்சாமல், பஞ்சு உதிராத துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும்; சென்சார்களுக்குள் அது போகக் கூடாது. கத்தி, ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள் எதுவும் உள்ளே படக் கூடாது. தகட்டை விரலால் அமுக்கித் திறக்காமல் ஆக்சிலேட்டரைத் திருகியே திறக்க வேண்டும். சில வண்டிகளில் தகட்டுக்கு நிறுவனமே ஒரு மெல்லிய பூச்சுப் பூசியிருக்கும். கையேடு துடைக்க வேண்டாம் என்று சொன்னால் அதை மீறக் கூடாது. தகடு எங்கே மூட வேண்டும் என்பதை நிர்ணயிக்கும், பெயின்ட் அடையாளம் இட்ட சிறு ஸ்க்ரூவை எந்த நிலையிலும் திருகக் கூடாது. அது பழைய ஸ்லோ ஸ்க்ரூ அன்று. தகட்டுச் சென்சாரின் பூஜ்யக் கணக்கு முழுவதும் அதை நம்பியே இருக்கிறது.

சுத்தம் செய்தும் சூட்டில் அணைவது தொடர்ந்திருந்தால், நான் வால்வு கிளியரன்ஸைப் பார்த்திருப்பேன். வால்வு, தான் அமரும் இருக்கையில் மெல்ல மெல்லப் பதிவதால், பல எஞ்சின்களில் அந்த இடைவெளி நாளடைவில் குறைகிறது. சிறிய எஞ்சின்களில் அது 0.1 மில்லிமீட்டரை ஒட்டியே இருப்பது. அதுவும் போய்விட்டால், சூட்டில் நீளும் வால்வு முழுவதும் மூடாமல் அழுத்தத்தைக் கசியவிடும். வேகத்தில் கசிவதற்கு நேரம் போதாது. ஐட்லிங்கில் தாராளமாக நேரம் கிடைக்கும். வால்விலிருந்து டிக்டிக் சத்தம் வந்தால் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சத்தமே இல்லாமல் அமைதியாகிவிட்ட எஞ்சின்தான் என்னை அதிகம் கவலைப்படுத்தும்.

பெட்ரோலைப் பற்றியும் ஒரு சொல். இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். டேங்க் மூடியைச் சுற்றியுள்ள வடிகால் துளை மண்ணால் அடைபட்டு மழைநீர் உள்ளே இறங்கினால், அளவுக்கு மீறிய தண்ணீர் எத்தனாலோடு சேர்ந்து அடியில் தனியாகப் படியும். பம்பு உறிஞ்சுவது அடியிலிருந்துதான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி ஐட்லிங்கில் விக்கினால், இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன் டேங்க்கை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றிப் பார்க்க வேண்டும்.

சைலன்சர் சிலிண்டரோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தாலும் ஐட்லிங் கெடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அந்த இடுக்கு வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு ஆக்சிஜன் சென்சாரை அடைகிறது; பெட்ரோல் போதவில்லை என்று கணினி தவறாக எண்ணி மேலும் மேலும் பெட்ரோலைச் சேர்க்கிறது.

மாமாவின் வண்டியில் அவ்வளவு தூரம் போகத் தேவை வரவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, பேட்டரி வயரை இணைத்து, வீட்டுக்குள் அன்றி வாசலில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தோம். முதலில் வேகம் 1,900க்கு ஏறியது. மாமாவின் முகம் வாடிவிட்டது. கரி இருந்த காலத்தில் அகலத் திறந்து பழகிய வால்வு, வழி திறந்த பிறகும் அதே நிலையில் நின்றதுதான் காரணம். சுத்தம் செய்த பிறகு புதிய நிலையைக் கணினி கற்றுக்கொள்ள வேண்டும். பல வண்டிகளில், ஆக்சிலேட்டரைத் தொடாமல் எஞ்சின் சூடாகும் வரை பத்து நிமிடம் ஓட விடுவதே போதும். சிலவற்றுக்குக் கையேட்டில் தனி முறை உண்டு, சிலவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். "கை வைக்காதீங்க மாமா, அதுவே இறங்கட்டும்" என்று சொல்லித் திண்ணையில் உட்கார வைத்தேன். ஏழெட்டு நிமிடத்தில் 1,600க்கு வந்தது. மோர் குடித்து முடிப்பதற்குள் 1,400இல் நின்றது. எண்ணெயைக் கோட்டளவுக்கு வடித்துவிட்டு, அடுத்த பதினைந்து நாள்களுக்குக் காலையில் ஒரு முறையும் வேலூர் வந்து சேர்ந்ததும் ஒரு முறையும் மீட்டரில் வேகத்தைப் பார்த்துக் குறித்து வைக்கும்படி அவரிடம் சொல்லி அனுப்பினேன்.